சொந்தமாகக் கட்டிய கேம்பர் ட்ரெய்லர்: எல்லாம் சரி, இந்தப் புழுதி மட்டும்…

"அண்ணா, பழைய கேம்பர் ட்ரெய்லரெல்லாம் இப்ப நல்ல விலைக்கு வருது. ஒண்ணு வாங்கிடவா, இல்ல உங்கள மாதிரி நானே கட்டட்டுமா?" என்று அடிலெய்டில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், நிறுத்திய இடத்தில் சமைத்துத் தூங்கும் வண்டிதான் கேம்பர் ட்ரெய்லர். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்ட நேரம் சரியில்லை. தெற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஓடும் ஊட்னடாட்டா பாதையில் போய்வந்து, ட்ரெய்லருக்குள் தலையை விட்டு வாக்யூம் பிடித்துக்கொண்டிருக்கும் வாரம் இது. தீர்ப்பும் அந்த மூச்சிலேயே வரும்.

என்னுடையது ஆஸ்திரேலியாவில் வீட்டு ஷெட்டில் பலரும் கட்டுகிற மாதிரிதான். ஆறுக்கு நாலு அடி பாக்ஸ் ட்ரெய்லர், தூக்கித் திறக்கும் மூடி, அதன் மேல் ரூஃப்டாப் டென்ட், பின்பக்கம் இழுத்தால் வெளியே வரும் சமையல் மேடை, பக்கவாட்டில் ஃப்ரிட்ஜ். கேஸ் சிலிண்டர் முன்னால், வெளியே. காரில் இருக்கும் அதே ஆறு போல்ட் சக்கரங்களையே ட்ரெய்லருக்கும் போட்டதால் ஸ்டெப்னி இரண்டுக்கும் பொது.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. சுமையோடு சேர்த்து 750 கிலோ வரைக்கும் இங்கே பிரேக் கட்டாயமில்லை. கட்டும்போது எல்லோரும் அதற்குள் அடக்கிவிடலாம் என்றுதான் நினைப்பார்கள். டென்ட்டே அறுபது கிலோவுக்குக் கிட்ட வரும், அறுபது லிட்டர் தண்ணீர் இன்னொரு அறுபது கிலோ. ஃப்ரிட்ஜ், பேட்டரி, ஸ்டெப்னி, அரிசி மூட்டை என்று சேரச் சேர அந்தக் கோடு எப்போது தாண்டியது என்றே தெரியாது. நான் முதலிலேயே எலெக்ட்ரிக் பிரேக் வைத்துவிட்டேன். மண் ரோட்டில் இறக்கத்தில் போகும்போது அதன் அருமை தெரியும்.

ஓடும் விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சும்மா சறுக்க விடும் மலிவான முறைக்குப் பதிலாக, பின்முனையில் ஷேக்கிள் போட்ட வகையையும் ஷாக் அப்சார்பரையும் வைத்தேன். காரோடு இணைக்கும் பந்துக் கொக்கியை எடுத்துவிட்டு எல்லாப் பக்கமும் சுழலும் ஆஃப்ரோடு கப்ளிங் மாட்டினேன். ஊட்னடாட்டா பாதை மாரீ என்ற ஊரிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர். கான் என்ற ரயில் ஓடிய பழைய பாதையைப் பெரும்பாலும் ஒட்டியே போகும் மண் ரோடு. குறுக்கே வரி வரியாக அலை எழும்பிய இடங்களில் பல்லெல்லாம் ஆடும். டயர் காற்றைக் கணிசமாக இறக்கிக்கொண்டு போனால் ட்ரெய்லர் துள்ளாமல் பின்னாலேயே வருகிறது. ஒரு வெல்டு விடவில்லை, ஸ்பிரிங்கில் ஒரு இலை முறியவில்லை. நைலான் பிடித்த நட்டுகளும், ரிவெட்டோடு சேர்த்துப் போட்ட பசையும் நன்றாகவே வேலை செய்கின்றன. லித்தியம் பேட்டரி, காரிலிருந்து தடிமனான வயரில் வரும் சார்ஜர், எல்லாம் கச்சிதம். வழியில் வில்லியம் கிரீக் என்ற ஊரைத் தாண்டி நடுப்பகலில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மோர் சில்லென்று இருந்தது. அதைவிட என்ன வேண்டும்?

இப்போது புழுதி.

அந்தப் பாதையில் சில இடங்களில் மைதா மாவு போன்ற மண் குழிகளை மூடிக் கிடக்கும். புல்டஸ்ட் என்பார்கள். கார் எழுப்பும் மேகத்துக்குள்ளேயேதான் ட்ரெய்லர் முழு நேரமும் ஓடுகிறது. இதில் பலருக்குப் புரியாத விஷயம், மண் தானாக உள்ளே போவதில்லை. ட்ரெய்லர்தான் அதை உறிஞ்சுகிறது. ஓடும் பெட்டியின் பின்முகத்தில் காற்றழுத்தம் குறைந்துவிடும். எந்த இடுக்கு வழியாகவாவது உள்காற்று அங்கே வெளியேறும். போன காற்றுக்கு ஈடாக வேறு இடுக்கு வழியாக வெளிக்காற்று வந்தே தீரும், மண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு. அதனால் கதவுக்கு எவ்வளவு நல்ல ரப்பர் போட்டாலும் பாதி வேலைதான் முடிந்தது. கீலுக்குப் பின்னால், பூட்டுத் துளை, பின்விளக்கு வயர் போகும் ஓட்டை, அடியில் தண்ணீர் வடிய விட்ட துளை, மூலையில் வெல்டு சேராத ஊசி முனை அளவு இடம் என்று எல்லாமே வாசல்தான். இருட்டில் உள்ளே டார்ச்சைப் போட்டு மூடிவிட்டு வெளியே நின்று பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் நாளைக்கு மண் தெரியும்.

சரி, தீர்வு உண்டு. மூடியின் முன்பக்கம், உயரத்தில், வடிகட்டி வைத்த ஒரு காற்றுத் திறப்பு. வண்டி ஓடும்போது அது காற்றைப் பிடித்து உள்ளே தள்ளும். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் போகும். வைத்தேன். உண்மையிலேயே பலன் தந்தது. சமையல் பகுதியில் முன்பு வந்த மண்ணில் கால்வாசி கூட வருவதில்லை. அந்த வடிகட்டியைத் தினமும் தட்ட வேண்டும், முன்னால் ஒரு லாரி போனால் ஒதுங்கி நின்று மேகம் அடங்கவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அது பரவாயில்லை.

ஆத்திரம் வருவது ஃப்ரிட்ஜ் பக்கம்தான். கம்ப்ரஸர் வெப்பத்தைக் கக்கும், அதற்குக் காற்று வேண்டும். இறுக்கி மூடிய பெட்டியில் வைத்தால் வெயில் நாளில் நிற்காமல் ஓடிப் பேட்டரியைத் தின்றுவிடும். அதே பெட்டியில் இருக்கும் சார்ஜரும் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆக, அங்கே காற்று வர ஒரு ஜன்னல் வைத்தே ஆகவேண்டும். வைத்தால் மண் வரும், வைக்காவிட்டால் மோர் சூடாகும். தடுப்புச் சுவர் போட்டுச் சமையல் பகுதியைத் தனியாக்கினேன். வயர் போகும் துளையில் சிலிக்கான் அடைத்தேன். ஜன்னலுக்குள்ளே மெல்லிய ஸ்பாஞ்சு வைத்தால் மண் குறைகிறது, சூடு கூடுகிறது. எடுத்தால் சூடு குறைகிறது, மண் கூடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிம்மதியான இடம் இருக்கும் என்று நம்பித்தான் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் எதையாவது மாற்றுகிறேன்.

அதே பாதையில் இருக்கும் கவர்ட் ஸ்பிரிங்ஸில் பேரீச்ச மரங்களுக்கு அடியில் முகாம் போட்டோம். நிலத்தடியிலிருந்து வெதுவெதுப்பாக ஊறிவரும் தண்ணீரில் உட்கார்ந்து உடம்பு மண்ணைக் கழுவியாயிற்று. திரும்பி வந்து ரசம் வைக்க மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தால், மூடியின் மேல் படிந்திருப்பது உள்ளே இருக்கும் அதே நிறம். "இதுல எது எதுங்க?" என்று வீட்டம்மா கேட்டார். பதில் சொல்லவில்லை. ரசம் நன்றாகத்தான் இருந்தது.

நியாயமாகச் சொன்னால், கடையில் வாங்கியதிலும் மண் வரும். எங்கள் குழுவில் ஒருவர் நல்ல காசு கொடுத்து வாங்கிய ட்ரெய்லரில் என்னுடையதைவிடக் கூடுதலாகவே வந்தது. படுக்கை விரிப்பே சிவப்பு. என்னுடையதில் எந்த நட்டு எங்கே, எந்த வயர் எங்கே என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். நடுக்காட்டில் ஏதாவது கழன்றால் நானே மாட்டிவிடுவேன். செலவும் குறைவு, பாய்ந்து ஓடுவதில் அதற்கு நிகரில்லை.

ஆனாலும் தம்பி, வாங்கிவிடுங்கள். வாங்கியதில் மண் வந்தால் திட்டுவதற்கு ஒரு கம்பெனிக்காரர் இருப்பார். நானே கட்டியதில் வந்தால் யாரைத் திட்டுவது? வாங்கப் போகும்போது விற்பவர் காட்டும் பளபளப்பைப் பார்க்காமல், ஃப்ரிட்ஜ் பெட்டிக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பின்கதவு ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கியபடியே கிடந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பூட்டு இழுத்துப் பிடிக்கும் வகையா, சும்மா கொக்கியா என்றும் பாருங்கள். உள்ளே வாக்யூம் போட்டுச் சுத்தமாக வைத்திருப்பார்கள், அதனால் இழுப்பறையை முழுவதும் கழற்றி அதன் பின்னால் கையை விடுங்கள்.

எனக்கு இந்த வாரம் புது ஸ்பாஞ்சும், கூடவே சின்னதாக ஒரு ஃபேனும் வருகின்றன. ஃபேனைக் காற்றை வெளியே இழுக்க வைப்பதா, உள்ளே தள்ள வைப்பதா என்று யாராவது முயன்று பார்த்திருந்தால் சொல்லுங்கள். இம்முறை உள்ளே தள்ளத்தான் போகிறேன்.