சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரி: மூன்றாண்டுப் படிப்பும் மூன்றாண்டுப் பிணைப்பும்

2013 ஏப்ரலில், திருச்சியில் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, சிங்கப்பூரில் உள்ள ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளுள் (பாலிடெக்னிக்) ஒன்றில் மின்னணுப் பொறியியல் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். மூன்றாண்டு படித்து, அதற்குப் பின் மூன்றாண்டு அங்கேயே வேலை பார்த்துத் திரும்பிய அனுபவத்தை, விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளுக்காகவும் பணம் கட்டப்போகும் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

ஆண்டிறுதித் தேர்வை நம்பியே படித்துப் பழகிய எனக்கு முதல் பருவம் மிகக் கடினமாக இருந்தது. அங்கே மதிப்பெண்ணின் பெரும்பகுதி சிறுதேர்வு, ஆய்வக அறிக்கை, குழுத் திட்டப்பணி என்று பருவம் முழுவதும் பரவியிருக்கும் என்பதால், கடைசி வாரத்தில் கண்விழித்துப் படித்து ஈடுகட்ட முடியாது.

ஆய்வகத்தில் என் மேசைத் தோழர், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் நைடெக் என்னும் தொழிற்சான்றிதழ்ப் படிப்பை முடித்து வந்த மலாய் மாணவர். சமன்பாடுகளை நான் விரைவாகத் தீர்த்துவிடுவேன்; ஆனால் நான் சால்டரிங் செய்த இணைப்புகளோ மங்கிய உருண்டைகளாகத் திரண்டு நின்றன. அவர் சால்டரிங் அயர்னை என்னிடமிருந்து வாங்கி, அதன் முனையைக் கம்பியின் மேலும் செம்புத் திண்டின் மேலும் ஒருசேர வைத்துச் சூடேறவிட்டு, அதன் பிறகே சால்டர் கம்பியைத் தொட்டுக் காட்டினார். அது தானாக உருகி வழிந்து, பளபளப்பான சிறு கூம்பாகப் படிந்தது. பட்டயப் படிப்பு மதிப்பெண் குறைந்தவர்களுக்கானது என்று ஊரிலிருந்து நான் சுமந்து சென்ற எண்ணம் அந்த மேசையில்தான் போயிற்று.

வேலைப்பயிற்சியில் எனக்கு மனக்குறை உண்டு. நான் அனுப்பப்பட்ட நிறுவனத்தில் முதல் இரண்டு மாதங்கள் பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலையே கிடைத்தது. பொறுப்பு விரிவுரையாளரிடம் தயங்காமல் சொன்ன பிறகுதான் சோதனைக்கூடத்திற்கு மாற்றினார்கள். முதல் வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இனி, மிக முக்கியமான செய்தி. உள்ளூர் மாணவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் பாடமும் ஆசிரியரும் ஒன்றே, கட்டணம் ஒன்றல்ல. வெளிநாட்டவர் கல்விக் கட்டண மானியம் பெற்றாலும் குடிமக்களைவிடப் பல மடங்கு கட்ட வேண்டும். அந்த மானியத்திற்கு ஈடாக, படிப்பு முடிந்ததும் சிங்கப்பூரில் பதிவான நிறுவனம் ஒன்றில் மூன்றாண்டு பணியாற்றுவதாக ஒப்பந்தமும் செய்துகொள்ள வேண்டும். எனக்காக என் சித்தப்பா பிணையாளராகக் கையெழுத்திட்டார். இடையில் விட்டு வந்தால் இழப்பீடு கட்ட வேண்டியிருக்கும் என்பதை அவர் அந்தத் தாள்களை இரண்டு முறை படித்து எனக்கு விளக்கினார்.

கையெழுத்திடும்போது எங்களுக்குப் புரியாமல் போன ஒன்று உண்டு. பணியாற்றும் கடமையை ஒப்பந்தம் நம்மீது வைக்கிறதே தவிர, வேலையை யாரும் தேடித் தருவதில்லை. பட்டயம் மட்டும் உள்ள வெளிநாட்டவர் பெரும்பாலும் எஸ் பாஸ் என்னும், நடுத்தரத் திறனுள்ள வெளிநாட்டுப் பணியாளருக்கான வேலை அனுமதியையே நாட வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பேரை அப்படி அமர்த்தலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. நேர்காணலில் என்னைப் பிடித்திருந்தும், இடம் நிரம்பிவிட்டதாகச் சொல்லி இரண்டு நிறுவனங்கள் கைவிரித்தன. வேலை கிடைப்பதற்குள் கையிருப்பு ஏறக்குறையக் கரைந்துவிட்டது. படிக்கும் காலத்தில், பருவ நாட்களில் வாரத்திற்கு 16 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம் என்றாலும், அந்த வருமானம் சாப்பாட்டுக்கும் பேருந்துக்குமே சரியாக இருந்தது.

என் மலாய்த் தோழர் பட்டயம் பெற்ற கையோடு இரண்டாண்டு தேசிய சேவைக்கு, அதாவது அந்நாட்டு இளைஞர்களுக்குக் கட்டாயமான படைப் பணி போன்ற சேவைக்கு, போனார். உள்ளூர் மாணவர்களுக்குக் கடப்பாடு எதுவும் இல்லை என்று அதுவரை நான் எண்ணியிருந்தது தவறு.

இப்போது என்னிடம் யோசனை கேட்பவர்களிடம், கட்டணத்தோடு வேலை தேடும் ஆறு மாதச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், இறுதியாண்டின் முதல் பருவத்திலேயே நிறுவனங்களுக்கு எழுதத் தொடங்குங்கள் என்று சொல்கிறேன்.