பழைய டேபுக்கு "ஆண்ட்ராய்டு 13 போட்டுத் தரோம்" என்கிற கடைகள்: உஷார்

பழைய டேப்லெட்டில் புது ஆண்ட்ராய்டு ஏற்றித் தருகிறோம் என்று போர்டு வைத்திருக்கும் சர்வீஸ் கடைகளுக்குப் போகும் யோசனை இருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் 1,800 ரூபாய் கொடுத்தோம். கைக்கு வந்தது பழைய ஆண்ட்ராய்டேதான், நம்பர் மட்டும் புதுசு. போகிற போக்கில் அம்மாவின் ரெக்கார்டிங் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். புகார் கொடுத்திருக்கிறேன், அது இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கமெண்டில் கேட்காதீர்கள்.

அம்மாவிடம் இருப்பது சாம்சங் கேலக்ஸி டேப் ஏ 10.1, 2016 மாடல், சிம் போடும் வகை. ஸ்க்ரீன் பெரிது, பேட்டரி இன்றைக்கும் நன்றாக நிற்கிறது. 2 ஜிபி ராம்தான் என்றாலும் யூடியூப், வாட்ஸாப், பாட்டு வகுப்பு எல்லாம் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு டீச்சர் புதிதாக ஒரு வகுப்பு ஆப்புக்கு மாறினார். அந்த ஆப் ஆண்ட்ராய்டு 10 இருந்தால்தான் இறங்கும். ஏற்கெனவே குரோமும் 138-ஆம் பதிப்போடு ஆண்ட்ராய்டு 8, 9-ஐக் கைவிட்டுவிட்டது. செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட்டைத் தட்டினால் "உங்கள் சாஃப்ட்வேர் புதுப்பித்த நிலையில் உள்ளது" என்றே வந்தது.

அதில் பொய் இல்லை. இந்த மாடல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது, 7 கிடைத்தது, கடைசியாக 8.1. அதற்கு மேல் சாம்சங் எதையும் வெளியிடவில்லை. எனக்கும் இது தெரியும். அதனால்தான் கடையில் முதல் கேள்வியாகவே கேட்டேன்.

"தம்பி, இதுக்கு கம்பெனி 8.1-க்கு மேல கொடுக்கலையே, நீங்க எப்படிப் போடுவீங்க?"

"அதெல்லாம் கம்பெனி ஆன்லைன்ல விடமாட்டாங்கக்கா. எங்ககிட்ட சர்வீஸ் சென்டர் ஃபைல் இருக்கு. 13 வரைக்கும் போகும். டேட்டா ஒண்ணும் ஆகாது."

டேட்டா போகாது என்பதை எழுதிக் கொடுங்கள் என்றேன். சிட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் "ஓ.எஸ். அப்டேட், 13, டேட்டா சேஃப்" என்று எழுதி, 500 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியதையும் குறித்துக் கொடுத்தார்கள். இந்தச் சிட்டைதான் பின்னால் உதவியது. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு "வேலை முடிஞ்சதும் தரோம்" என்றார்கள். வேலை முடிந்த பிறகும் தரவில்லை.

மறுநாள் சாயங்காலம் போன். "அக்கா, ஜிமெயில் பாஸ்வேர்டு சொல்லுங்க, பிளே ஸ்டோர் ஓபன் பண்ணணும்." எனக்குத் திக்கென்றது. டேட்டா அப்படியே இருந்தால் ஜிமெயில் ஏற்கெனவே உள்ளேதானே இருக்கும்? பாஸ்வேர்டு கேட்கிறது என்றால் டேப் மொத்தமாகத் துடைக்கப்பட்டிருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் அதேதான். அம்மா வகுப்பில் பதிந்து வைத்திருந்த வர்ணங்கள், டீச்சர் பாடிக் காட்டிய சங்கதிகள், எல்லாம் வாய்ஸ் ரெக்கார்டரில், இன்டர்னல் மெமரியில் இருந்தவை. ஒன்றுகூட இல்லை. போட்டோக்கள் கூகுள் போட்டோஸில் இருந்ததால் தப்பின. கடைக்காரரோ "பெரிய அப்டேட்ல கொஞ்சம் போகும்கா, நார்மல்தான்" என்கிறார். சிட்டையைக் காட்டினேன். "அது போட்டோவுக்குச் சொன்னது" என்றார். கூச்சமே இல்லை.

அப்புறம் டேபை ஆன் செய்து காட்டினார்கள். சாம்சங் லோகோ வரும்போது ஸ்க்ரீனின் மேல் இடது மூலையில் சிவப்பிலும் மஞ்சளிலும் பொடி எழுத்தில் ஏதோ ஆங்கில வரிகள் ஓடின. "கெர்னல் இஸ் நாட் எஸ்ஈ ஆண்ட்ராய்டு என்ஃபோர்சிங்", அதற்குக் கீழே "செட் வாரண்டி பிட்". என்ன இது என்று கேட்டால், "புது வெர்ஷன் லோட் ஆகுதுக்கா." அபௌட் டேப்லெட் பக்கத்தைத் திறந்தால் ஆண்ட்ராய்டு வெர்ஷன் 13 என்று ஜம்மென்று நின்றது. மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து வகுப்பு ஆப்பைத் தேடினால் பிளே ஸ்டோர் மறுபடி அதே பதிலைச் சொன்னது: இந்தக் கருவிக்கு ஆப் பொருந்தாது. கடைக்குப் போன் செய்தால் "சர்வர்ல ஏற டைம் ஆகும்கா" என்கிறார்கள். அம்மாவின் வங்கி ஆப் திறக்கவே மறுத்தது, கருவி ரூட் செய்யப்பட்டிருக்கிறது (உள் பூட்டுகள் உடைக்கப்பட்டிருக்கின்றன) என்று செய்தி காட்டி மூடிக்கொண்டது. அதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோண்டினேன்.

முதலில், ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் செக்யூரிட்டி பேட்ச் தேதி, அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை எந்தத் தேதி வரை அடைத்திருக்கிறார்கள் என்பது. ஆண்ட்ராய்டு 13-ஐ கூகுள் வெளியிட்டது 2022 ஆகஸ்டில். எங்கள் டேபில் பேட்ச் தேதி 2019. பிறக்காத பிள்ளைக்கு எப்படித் தடுப்பூசி போட்டார்கள்?

அடுத்தது இன்னும் வேடிக்கை. ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்ற வரியை வேகமாக நாலைந்து தடவை தட்டினால் கூகுள் ஒளித்து வைத்திருக்கும் ஒரு சின்ன விளையாட்டு வரும், ஒவ்வொரு பதிப்புக்கும் வேறு வேறு. 13 என்றால் ஒரு கடிகாரம் வர வேண்டும், முள்ளை ஒரு மணிக்குத் திருப்பினால் 13 என்று காட்டும். எங்கள் டேபில் வந்தது ஓரியோ பிஸ்கட். அழுத்திப் பிடித்தால் ஒரு கறுப்பு ஆக்டோபஸ் கையைக் காலை ஆட்டிக்கொண்டு ஸ்க்ரீனில் மிதந்தது. அது ஆண்ட்ராய்டு 8-இன் ஆக்டோபஸ். அம்மாவுக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது, அது வேறு கதை.

என்ன செய்திருக்கிறார்கள் என்பது அதே தெருவில் இருக்கும் இன்னொரு டெக்னீஷியன் பார்த்துச் சொல்லித்தான் முழுசாகப் புரிந்தது. (ரிச்சி தெருவில் எல்லோரும் இப்படி இல்லை, இவர் பத்து நிமிடம் பொறுமையாக விளக்கிவிட்டுப் பைசா வாங்கவில்லை.) ஆண்ட்ராய்டுக்குள் பில்ட்.பிராப் என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கிறது. செட்டிங்ஸில் தெரியும் வெர்ஷன் எண் அதிலிருந்துதான் வருகிறது. டேபை ரூட் செய்துவிட்டால் அந்த ஒரு வரியில் 8.1.0 என்பதை அழித்து 13 என்று எழுதலாம். 130 என்று எழுதினால் 130 என்றே காட்டும்! ஆனால் ஆப்புகள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. அவை பார்ப்பது ஏபிஐ லெவல் என்ற வேறொரு எண்ணை. 8.1-க்கு அது 27, 13-க்கு 33. இதையும் மாற்றினால் டேப் ஆன் ஆகாமல் லோகோவிலேயே சுற்றிக்கொண்டு நிற்க வாய்ப்பு அதிகம், அதனால் அதைத் தொட மாட்டார்கள். ஆக, கடைக்காரர் மாற்றியது வாடிக்கையாளர் கண்ணில் படும் எண்ணை மட்டும்.

ரூட் செய்வதற்காக வேறு ரெக்கவரி மென்பொருளை (ஆண்ட்ராய்டுக்கு வெளியே நின்று அதை மாற்ற உதவும் சின்ன மென்பொருள்) ஏற்றியிருக்கிறார்கள். இந்த மாதிரி சாம்சங் கருவிகளில் அந்த வேலைக்கு டேட்டா பகுதியை ஃபார்மட் செய்தாக வேண்டும். அதாவது "டேட்டா சேஃப்" என்று எழுதும்போதே அது நடக்காது என்று அவர்களுக்குத் தெரியும். கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு சேதம் நிரந்தரமானது. சாம்சங் கருவிகளில் நாக்ஸ் என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. கம்பெனி கையெழுத்து இல்லாத மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஒரு மின்னணு ஃப்யூஸ் போய்விடும், எண் 0-இலிருந்து 1-ஆக மாறும். திரும்ப 0 ஆக்க முடியாது. கடையில் லோகோவோடு ஓடிய அந்தப் பொடி எழுத்து வரிகள் சொன்னது இதைத்தான். டெக்னீஷியன் டேபை அணைத்து, பவர், ஹோம், வால்யூம் டவுன் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டவுன்லோட் மோடுக்கு (மென்பொருள் ஏற்றும் திரை) கொண்டுபோய்க் காட்டினார். மேல் மூலையில் நாக்ஸ் வாரண்டி வாய்டு என்ற வரிக்கு எதிரே 1. வாரண்டி எப்போதோ முடிந்துபோன டேபுக்கு இது பெரிய விஷயமில்லை என்று தோன்றலாம். ஆனால் செக்யூர் ஃபோல்டர் (பூட்டி வைக்கும் தனி ஃபோல்டர்), சாம்சங் பே போன்றவை நாக்ஸ் போன கருவியில் இனி ஓடாது. நேற்று வாங்கிய போனுக்கும் இதே வேலையை இவர்கள் செய்ய மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

இதைவிடப் பயம் தருவது ரூட் விஷயம். ரூட் என்றால் டேபின் எல்லாப் பூட்டுக்குமான சாவி. யாரோ முன்பின் தெரியாதவர் ரூட் செய்து கூடவே என்ன ஏற்றினார் என்று நமக்குத் தெரியாது. அதில் அம்மாவின் பென்ஷன் கணக்கு இருக்கும் வங்கி ஆப், ஓடிபி வரும் சிம். வங்கி ஆப் திறக்க மறுத்தது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஜிமெயில் பாஸ்வேர்டை நான் போனில் சொல்லவில்லை, கடையில் நானே தட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அதையும் மாற்றிவிட்டேன்.

பழைய டேபில் புது ஆண்ட்ராய்டே வராதா என்றால், ஒரு வழி இருக்கிறது. லினியேஜ் ஓஎஸ் போல ஆர்வலர்கள் இலவசமாகச் செய்து தரும் கஸ்டம் ரோம்கள் (ROM, மாற்று ஆண்ட்ராய்டுப் பதிப்புகள்) சில பழைய மாடல்களுக்குக் கிடைக்கின்றன. அது ஏமாற்று வேலை இல்லை, நிஜமாகவே புதுப் பதிப்புதான். ஆனால் அதற்கும் டேட்டா அழியும், சாம்சங்கில் நாக்ஸ் போகும், பல வங்கி ஆப்புகள் முரண்டு பிடிக்கும், நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் எச்டி தரம் போய்விடலாம். இதையெல்லாம் முதலிலேயே சொல்லி, சம்மதம் கேட்டுச் செய்தால் அது சேவை. "சர்வீஸ் சென்டர் ஃபைல்" என்று கதை விட்டால் அது மோசடி. கம்பெனி அந்த மாடலுக்குச் செய்யாத ஃபைல் எந்த சர்வீஸ் சென்டரிலும் இருக்காது. கம்பெனி செய்திருந்தால் அது செட்டிங்ஸ் வழியாகவே இலவசமாக வந்திருக்கும்.

ஐபேடுக்கும் இதே கதையைச் சொல்லுகிறார்கள் என்று சித்தி பையன் சொன்னான். ஐபேட் ஏர் 2 வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: 2014-இல் வந்த அந்த மாடல் ஐபேட் ஓஎஸ் 15-உடன் நின்றுவிட்டது. 16 அதற்குக் கிடையாது. ஆப்பிளின் சர்வர் அனுமதித்துக் கையெழுத்திடாத பதிப்பை ஐபேட் ஏற்காது, எந்தக் கடைக்காரர் வந்தாலும்.

சரி, பணம் என்ன ஆயிற்று? மறுபடி அந்த மாடிக்குப் போனேன். கடையில் நல்ல கூட்டம். "நம்பர் 13 காட்டுதா இல்லையா?" என்று ஓனர் குரலை உயர்த்தினார். காட்டுகிறது என்றேன். கவுண்டர் மேல் டேபை வைத்து, வெர்ஷனைத் தட்டி, ஆக்டோபஸை வரவழைத்து, பக்கத்தில் அவர் விற்பனைக்கு வைத்திருந்த ஆண்ட்ராய்டு 13 போனிலும் அதையே தட்டிக் கடிகாரத்தைக் காட்டினேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் "அப்ப என் டேபுக்கும் இதைத்தான் பண்ணப் போறீங்களா தம்பி?" என்று கேட்டார். 1,800 ரூபாயும் திரும்பி வந்தது. ஒரு மன்னிப்பு வரவில்லை. ரெக்கார்டிங்குகளை மீட்க முடியுமா என்று விசாரித்தேன். என்கிரிப்ட் ஆன மெமரியை ஃபார்மட் செய்த பிறகு வாய்ப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டீச்சர் சில பாடங்களை மறுபடி பாடி அனுப்பியிருக்கிறார், பாவம்.

பணம் வந்துவிட்டதே, விடு என்றார் அப்பா. விடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். தமிழிலேயே பேசலாம். ஆனால் அது சமரசத்துக்கான வழி மட்டும், கடைக்காரர் பதில் சொல்லாவிட்டால் அவர்கள் கட்டாயப்படுத்த முடியாது. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில் கொடுக்காவிட்டாலும் கைச்சிட்டை, ஜிபே ரசீது, அந்தப் பொடி எழுத்து வரிகளின் போட்டோ எல்லாம் சான்றாக வைத்திருக்கிறேன். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் அபௌட் பக்கத்தையும் பேட்ச் தேதியையும் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது, திரும்பி வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் அபௌட் பகுதியில் "டிவைஸ் இஸ் சர்டிஃபைட்" (கூகுள் அங்கீகரித்த கருவி) என்று இருக்கிறதா என்றும் கடையிலேயே பாருங்கள்.

டேபில் அந்த இன்னொரு டெக்னீஷியன் சாம்சங்கின் ஒரிஜினல் 8.1-ஐயே மறுபடி ஏற்றிக் கொடுத்தார், 300 ரூபாய், பில்லோடு. ரூட் போய்விட்டது, நாக்ஸ் 1 அப்படியே. வங்கி வேலை எதுவும் இனி அதில் இல்லை. வகுப்புக்குத் தம்பியின் பழைய போனை டிவியில் இணைத்துக் கொடுத்திருக்கிறோம். 1915-இலிருந்து கடைக்கு அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. வந்தால் இங்கேயே கீழே சேர்க்கிறேன்.