மக்களைத் தேடி மருத்துவம்: அம்மாவுக்கு வாங்கற அனுபவத்துல ஒரு ரிவ்யூ

அம்மாவுக்கு பிரஷர், சுகர் ரெண்டும் உண்டு, ஊர்ல தனியா இருக்காங்க. மாத்திரைய வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கற தமிழ்நாடு அரசோட இந்தத் திட்டத்துல பதிஞ்சு ரொம்ப நாளாச்சு, நல்லது கெட்டது ரெண்டையும் பாத்துட்டுதான் எழுதறேன்.

2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில இத ஆரம்பிச்சப்ப, மாத்திரைய வீட்ல கொண்டாந்து குடுக்கறதெல்லாம் பெரிய விஷயமான்னு கேட்டவங்க உண்டு. பெரிய விஷயம்தாங்க. பிரஷர் மாத்திரைய நிறுத்தினா அன்னைக்கே ஒண்ணும் தெரியாது, வலிக்காது, அதான் வினையே, கூலி வேலைக்குப் போறவங்க ஒருநாள் சம்பளத்த விட்டுட்டு பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) வரிசைல நிக்க முடியாம ரெண்டு மாசம் விட்டுடுவாங்க, அப்புறம் ஒருநாள் வாய் கோணி கை கால் இழுத்துக்கிட்டு 108ல போவாங்க. சுகருக்கும் அதே கததான், கால்ல மரத்துப்போன எடத்துல புண்ணு வந்தது தெரியாம கடைசில விரல எடுக்கற வரைக்கும் போயிடுது. இதுல பாதிக்கு மேல ஆஸ்பத்திரி வாசல மிதிக்காமலே தடுத்திருக்கலாம்னுதான் எனக்குத் தோணுது.

எங்க தெருவுக்கு வர்ற தன்னார்வலர் அக்கா உள்ளூர்க்காரங்க. பிரஷரும் சுகரும் பாத்து, சுகருக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஆம்லோடிபின் குடுத்துட்டு அப்படியே கெளம்பிடறதில்ல, பழைய மாத்திரை அட்டைய வாங்கி மிச்சம் எத்தனன்னு பாப்பாங்க. அப்படித்தான் மாட்டுச்சு, அம்மா ராத்திரி மாத்திரைய போடவே இல்ல. என்கிட்ட போன்ல கேட்டா "போட்டுட்டேன்டா"ம்பாங்க, அக்காகிட்ட மட்டும் "வயித்தால போகுதும்மா, அதான் விட்டுட்டேன்"னு சொல்லிருக்காங்க. அக்கா பிஎச்சி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் டோஸ குறைச்சு, சாப்ட்டப்புறம் போடச் சொல்லி, இப்ப ஒழுங்கா ஓடுது. எந்த பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அட்டைய எண்ணிப் பாக்கப்போறாரு?

குறையும் சொல்லணும். சில மாசம் ஸ்டாக் இல்லன்னு பாதி மாத்திரைதான் வருது, மீதிய கடைல வாங்கறோம், வாங்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க? கிட்னிக்கு ரத்த டெஸ்ட், கண்ணு செக்கப் எல்லாம் வீட்ல நடக்காது, அதுக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போகணும், வீட்டுக்கே மாத்திரை வருதேன்னு அத விட்றாதீங்க. அந்த அக்காங்களுக்கு இன்னும் ஊக்கத்தொகைதான், நிரந்தர சம்பளம் கிடையாது. 2024ல ஐ.நா. விருது வாங்கின திட்டம், வெயில்ல வீடு வீடா நடக்கறவங்களுக்கு சம்பளத்த ஒழுங்கா குடுங்க சார்.

உங்க வீட்ல யாருக்காவது பிரஷர், சுகர் இருந்தா பக்கத்து துணை சுகாதார நிலையத்துல கேட்டு பேர குடுத்துடுங்க.