டைதையேன் எதிரயனியா, சல்போன் எதிரயனியா?

நீண்ட கார்பன் சங்கிலி ஒன்றை இரு துண்டுகளாகத் தயாரித்து இணைக்க வேண்டியிருந்தபோது, ஒரு துண்டில் 1,3-டைதையேனை (இரு கந்தக அணுக்கள் கொண்ட ஆறணு வளையம்) வைப்பதா, ஃபீனைல் சல்போனை (இரு ஆக்சிஜன்களைத் தாங்கிய கந்தகம் கொண்ட தொகுதி) வைப்பதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டிலும் கந்தகத்தை அடுத்த கார்பனிலிருந்து ஒரு காரம் ஹைட்ரஜனைப் பறித்தால், எதிர்மின்சுமை கொண்ட எதிரயனி உருவாகி மறு துண்டோடு இணையும். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுச் சல்போனையே தேர்ந்தெடுத்தேன்.

கந்தகத்தை அடுத்த கார்பனில் எதிர்மின்சுமை நிலைப்பதற்குக் கந்தகத்தின் காலியான டி-ஆர்பிட்டால்களே காரணம் என்று பழைய பாடநூல்கள் கூறின. கந்தகம் எளிதில் முனைவுறுவதும், கார்பனின் தனித்த எலக்ட்ரான் இணை கந்தகத்தின் மறுபக்கப் பிணைப்புக்குரிய எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலோடு மேற்பொருந்துவதுமே இன்று ஏற்கப்படும் விளக்கம். சல்போனில் இவற்றோடு இரண்டு ஆக்சிஜன்களின் ஈர்ப்பும் சேர்கிறது. படிக அமைப்புகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்: டைதையேனில் லித்தியம் கார்பனோடு பிணைந்திருக்க, சல்போனில் அது ஆக்சிஜன்களையே பற்றி நிற்கிறது.

டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பானில் டைதையேனின் பிகேஏ மதிப்பு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 39; மெத்தில் ஃபீனைல் சல்போனுக்கு 29. அதாவது அமிலத்தன்மையில் சுமார் ஆயிரம் கோடி மடங்கு வேறுபாடு. எனவே முன்னதற்கு பியூட்டைல் லித்தியம் என்ற மிக வலிய காரம் தேவைப்படுகிறது. பின்னதற்கு அதைவிட வலிமை குறைந்த காரமான லித்தியம் டைஐசோபுரொப்பைல் அமைடே போதும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது எதிரயனியை உருவாக்கும் எளிமை அன்று, வேலை முடிந்தபின் கந்தகத்தை வெளியேற்றும் படியே. டைதையேனைக் கீட்டோனாக்க வழக்கமாகப் பாதரச உப்பையோ புரோமோசக்சினிமைடு போன்ற ஆக்சிஜனேற்றியையோ பயன்படுத்துவார்கள். என் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு இருந்ததால், இரண்டுமே அதைத் தாக்கக்கூடும் என்ற கவலை இருந்தது. பாதரசக் கழிவைக் கையாளும் பொறுப்பு வேறு. ஹைட்ரஜனைத் தாங்கிய நிக்கல் தூளான ரேனி நிக்கலால் கந்தகத்தை நீக்கினாலும் அந்த இரட்டைப் பிணைப்புக்கு ஆபத்துதான். சல்போனையோ மெத்தனாலில் மெக்னீசியத்தைக் கொண்டு ஒடுக்கி நீக்கலாம். சோடியம் ரசக்கலவையும் அதைச் செய்யும், ஆனால் அதிலும் பாதரசம் இருப்பதால் நான் தவிர்த்தேன். ஆல்டிஹைடோடு இணைத்தபின் ஹைட்ராக்சில் தொகுதியை அசிட்டேட்டாக்கி ஒடுக்கினால் பெரும்பாலும் டிரான்ஸ் ஆல்கீன் கிடைக்கும். 1973 முதல் அறியப்பட்ட ஜூலியா வினை இதுவே. ஆக, ஒரே எதிரயனியிலிருந்து நிறைவுற்ற சங்கிலிக்கும் போகலாம், ஆல்கீனுக்கும் போகலாம்.

நிலைத்தன்மைக்கு ஒரு விலையும் உண்டு. சல்போன் எதிரயனி கீட்டோனோடு சேரும் வினை மீளக்கூடியது என்பதால், விளைபொருள் பிரிந்து தொடக்கப் பொருள்களே திரும்பிவிடக்கூடும். டைதையேன் எதிரயனி அங்கே உறுதியாகச் சேரும். நான் செய்தவை பெரும்பாலும் ஆல்கைல் ஹாலைடு, ஆல்டிஹைடு வினைகளே என்பதால், கீட்டோன்களைப் பொறுத்தவரை என் தீர்ப்பை அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இறுதிப் பொருளே கீட்டோனாக இருந்து, மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பும் இல்லையென்றால் நானும் டைதையேனைத்தான் எடுப்பேன்.