முட்டை ஓடு, மரச்சட்டம், அலுமினியம்: எந்த ட்ரெய்லர் மழையைத் தாங்கும்?

காருக்குப் பின்னால் இழுத்துப்போய் முகாமில் தங்கும் எங்கள் முதல் ட்ரெய்லரை ஏழாவது வசந்தத்தில் திறந்தபோது, கட்டிலுக்கு மேலிருந்த மூலையை என் மனைவிதான் முதலில் தொட்டுப் பார்த்தார். "என்னங்க, இங்க சுவர் ஊறின பிஸ்கட் மாதிரி இருக்கு" என்றார். விரலை வைத்து அழுத்தினேன், உள்ளே போயிற்று. வெளித்தகடு என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. உள்பலகையை உரித்துப் பார்த்தால், சட்டமாக நின்றிருந்த மரம் கறுத்துப்போய்க் கையோடு உதிர்ந்து வந்தது. கூரை ஓரத்து மூட்டில் ஒரு விரல் நீளத்துக்கு, நீர் புகாமல் மூட்டை அடைக்கும் சீலன்ட் விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான் காரணம். சரிசெய்யக் கேட்ட கூலி, வண்டியின் அன்றைய மதிப்பைத் தாண்டியது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பழைய 16 அடி ஃபைபர்கிளாஸ் வண்டி ஒன்றை வாங்கினோம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அதோடு ஒன்பது கோடை கழிந்துவிட்டது.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது ட்ரெய்லர் வாங்கப்போவதாகச் சொன்னால், கட்டில் எத்தனை, அடுப்பு எங்கே என்ற பேச்சுக்கு முன்னால் நான் கேட்பது இரண்டே கேள்விதான். மழைநீர் எங்கே நுழையும்? நுழைந்தால் எது அழுகும்? நான்கு வகைக் கட்டுமானத்தையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே பிரித்துவிடலாம்.

முதலாவது, மரச்சட்டத்தின்மேல் நெளித்த அலுமினியத் தகடு அடித்தது. சந்தையில் மலிவானது இதுதான். இரண்டாவது ஒட்டுச்சுவர். வெளியே மெல்லிய ஃபைபர்கிளாஸ் தாள், நடுவே நுரை, உள்ளே ஒரு மெல்லிய பலகை, மூன்றையும் பசைபோட்டு அழுத்தி ஒரே பலகையாக்கியிருப்பார்கள். மூன்றாவது ஏர்ஸ்ட்ரீம் என்ற கம்பெனியின் வண்டிகளைப்போல், ரிவெட் எனும் தறையாணி அடித்து இணைத்த அலுமினிய உடம்பு. நான்காவது அச்சில் வார்த்த ஃபைபர்கிளாஸ். மேல் பாதி, கீழ் பாதி என்று படகு வார்ப்பதுபோல் இரண்டு ஓடுகளை வார்த்து, இடுப்புப் பகுதியில் சேர்த்து ஒட்டியது. வட அமெரிக்காவில் இதைச் செல்லமாக முட்டை என்றே சொல்கிறார்கள்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விளம்பரத்தில் "ஃபைபர்கிளாஸ் ட்ரெய்லர்" என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது இரண்டாவது வகை ஒட்டுச்சுவராகத்தான் இருக்கும். கண்டுபிடிப்பது எளிது. மூலைகளைப் பாருங்கள். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் அலுமினியப் பட்டையும், அதன்மேல் திருகுகளை மூடிய பிளாஸ்டிக் நாடாவும் ஓடினால் அது ஒட்டுச்சுவர். மூலையே இல்லாமல் சுவர் வளைந்து கூரையாக மாறினால் அது வார்த்த ஓடு. அந்தப் பட்டை ஓடும் அத்தனை அடியும் தண்ணீர் நுழையக்கூடிய வாசல். ஒட்டுச்சுவருக்குள் நீர் போனால் பசை விட்டு, வெளித்தாள் அப்பளம்போல் உப்பும். சில கம்பெனிகள் உள்பலகைக்கு பிளைவுட்டை விட்டுவிட்டு அஸ்டெல் என்ற அழுகாத பொருளைப் போடுகிறார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கூரை மூட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன, தளமும் பெரும்பாலும் மரம்தான்.

வார்த்த ஓட்டின் கதையில் கனடாவுக்கு முக்கிய இடம் உண்டு. மனிடோபாவின் வினிப்பெக் நகரில் 1968இல் ரே ஒலெக்கோவும் சாண்டோர் டூசாவும் 13 அடி போலர் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஒலெக்கோ அதற்கு முன் ஃபைபர்கிளாஸில் கழிவுநீர்த் தொட்டி செய்யும் வேலையில் இருந்தவர். மண்ணுக்குள் புதைத்தாலும் ஒழுகாத பொருளில் ஏன் வண்டி செய்யக்கூடாது என்ற நேரான யோசனை. பவுலர் தொப்பிபோல் இருந்ததால் அந்தப் பெயர். எடை அரை டன்னுக்குள். அதன் வழியில் 1970களின் தொடக்கத்தில் மின்னசோட்டாவில் ஸ்காம்ப், 1980களில் டெக்சஸில் கசீட்டா என்று வரிசையாக வந்தன. ஐம்பது வயது தாண்டிய போலர்கள் இன்றும் முகாம்களுக்கு வந்து நிற்கின்றன. அதே வயது மரச்சட்ட வண்டிகளைப் பார்ப்பது அபூர்வம்.

ஆனால் ஓடு ஒழுகாது என்பதால் வண்டியே ஒழுகாது என்று நினைத்துவிடக் கூடாது. சன்னல், கதவு, கூரை விசிறி, குளிர்சாதனம், விளக்கு என்று ஓட்டில் வெட்டிய ஒவ்வொரு துளையும் ஒழுகும். ஸ்காம்ப், கசீட்டா, பழைய போலர் எல்லாவற்றிலும் உள் அலமாரிகளை ஓட்டின் வழியாக ரிவெட் அடித்துத்தான் மாட்டியிருப்பார்கள். வெளியே வரிசையாகத் தெரியும் சின்ன வெள்ளைப் பொத்தான்கள் அந்த ரிவெட்டுகளின் மூடிகள். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் மழை வரும். வந்த தண்ணீர் ஓட்டின் உள்பக்கமாகவே வழிந்து இறங்கி, கடைசியில் தளத்தில் தேங்கும். உள்ளே இன்னொரு ஓடு இல்லாத பல ஒற்றை ஓட்டு வண்டிகளின் தளம், ரெசின் என்ற இறுகும் பிசின் பூசிய மரப்பலகைதான். எங்கள் வண்டியிலும் கதவோரம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தளம் இற்றுப்போயிருந்ததை வாங்கிய மறு வருடம் கண்டேன்.

இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் எனக்கு உறைத்தது. முதல் வண்டியில் ஒழுகல், சுவரையே தின்றுவிட்டது. இதில் அழுகிய பகுதியை வெட்டி எடுத்து, புதுப் பலகை பொருத்தி, மேலும் கீழும் ஃபைபர்கிளாஸ் பாயும் ரெசினும் போட்டு இரண்டு வார இறுதிகளில் முடித்தேன். ஓட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒழுகிய சன்னலை மாட்டிய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பராமரிப்பு என்றால் பாதி இதுதான். முன்பு வைத்திருந்தவர் சன்னலைச் சுற்றி சிலிக்கானைப் பிதுக்கிவிட்டிருந்தார். இந்த வண்டிகளுக்கு அதைப்போல் கெடுதல் வேறில்லை. சிலிக்கான் தங்கிய இடத்தில் வேறு எந்த சீலன்டும் ஒட்டாது, ஓட்டின் பளபளப்பான மேற்பூச்சான ஜெல்கோட்டும் ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால் அதைக் கொஞ்சங்கொஞ்சமாக எடுக்கவே ஒரு முழுநாள் ஆனது. பிறகு உள்வளையத்துத் திருகுகளைக் கழற்றி சன்னலை வெளியே எடுத்து, சட்டத்தையும் ஓட்டின் விளிம்பையும் துடைத்து, சட்டத்தைச் சுற்றி, ரப்பர்போல் பிசுபிசுக்கும் பியூட்டைல் டேப்பை இடைவெளி விடாமல் ஒட்டி, திரும்பப் பொருத்தினேன். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். பியூட்டைல் மெல்லப் பிதுங்கி வெளியே வரும். அத்தோடு விட்டுவிட வேண்டும். மறுநாள் வெயில் ஏறியதும் அது இன்னும் இளகும், அப்போது மறுபடி ஒரு சுற்று முடுக்கி, பிதுங்கியதை வழித்தால் வேலை முடிந்தது. பியூட்டைல் காய்ந்து இறுகாது, ஓடு வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது கூடவே இழுபடும். அந்தச் சன்னல் அதற்குப்பின் ஒருமுறைகூட ஒழுகவில்லை.

இந்த உழைப்போடு மற்ற வகைகளை வைத்துப் பார்க்கலாம். மரச்சட்டத்துக்கும் ஒட்டுச்சுவருக்கும் பெரும்பாலும் ரப்பர் கூரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு மூட்டிலும் சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வருடம் சோம்பினால் அது எங்கள் முதல் வண்டியாகிவிடும். ஏர்ஸ்ட்ரீம் அழகு, நீண்ட ஆயுள், மறுவிற்பனை மதிப்பு எல்லாவற்றிலும் மேலானது. ஆனால் அதற்கும் நெடுங்காலமாக பிளைவுட் தளம்தான். தகட்டு மூட்டுகள் வழியாகவும் பின்பம்பர் பக்கமாகவும் நீர் இறங்கித் தளம் அழுகுவது பழைய ஏர்ஸ்ட்ரீம் வாங்குவோர் எல்லாரும் தேடிப் பார்க்கும் குறை. ஆலங்கட்டி மழையில் அலுமினியம் பள்ளமாகும், அந்தத் தகட்டை மாற்றும் செலவு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. ஃபைபர்கிளாஸ் ஓட்டில் அடி பலமாக விழுந்தால் விரிசல் வரலாம், அதை வீட்டுக் கொட்டகையிலேயே சரிசெய்யலாம்.

மேற்பூச்சுக்கு வருவோம். ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் கனம்தான். வெயில் பட்டுப்பட்டு வெளிறி, தடவினால் கையில் மாவுபோல் ஒட்டும். வருடத்துக்கு ஒருமுறை கழுவி மெழுகு பூசினால் இந்த நிலை வரவே வராது. விட்டுவிட்டால் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை போட்டுத் தேய்க்க வேண்டும், ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த அரை மில்லிமீட்டரில் கொஞ்சம் போகும். நிழலில் நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விட மலிவான வைத்தியம்.

இந்த ஓட்டின் உண்மையான பலவீனம் ஒழுகல் அல்ல, ஓதம். ஓடு மூச்சுவிடாது. குளிர் இரவில் இரண்டு பேர் உள்ளே தூங்கினால் விடியும்போது சன்னலில் நீர் வழியும், மெத்தையின் அடிப்பக்கம் ஈரமாயிருக்கும். முதல் அக்டோபர் பயணத்தில் இதை ஒழுகல் என்றே நினைத்து நான் கூரையெல்லாம் தடவிப் பார்த்தேன். கூரை விசிறியைக் கொஞ்சம் திறந்துவைப்பது, மெத்தைக்கு அடியில் காற்று போகச் சட்டம் வைப்பது, உள்ளே சமைக்கும்போது சன்னலைத் திறப்பது, இந்த மூன்றும் போதும். நுரைச்சுவர் உள்ள ஒட்டு வண்டி இந்த விஷயத்தில் கட்டாயம் மேல்.

வாங்குமுன் அடியில் படுத்துப் பார்க்க மறக்காதீர்கள். இவற்றில் பெரும்பாலும் ரப்பர் டார்ஷன் ஆக்ஸில் இருக்கும். சதுரக் குழாய்க்குள் ரப்பர் உருளைகள் நெருக்கப்பட்டு, அவைதான் ஸ்பிரிங்குக்குப் பதில் வேலை செய்கின்றன. இருபது முப்பது வருடத்தில் ரப்பர் இறுகிவிடும், வண்டி தொய்ந்து நிற்கும், ஒவ்வொரு குண்டும் குழியும் நேராக ஓட்டில் இடிக்கும். ரப்பரை மட்டும் மாற்ற முடியாது, ஆக்ஸிலையே மாற்ற வேண்டும். இலைப்பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் அதைத் தனியாக மாற்றிவிடலாம். பழைய வண்டியென்றால் இழுவைச் சட்டம் வளையும் இடத்தில் துருவும் விரிசலும் உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே அலமாரி எதையாவது "இடம் வேண்டும்" என்று கழற்றியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஒற்றை ஓட்டு வண்டிகளில் அலமாரிகள்தான் கூரையைத் தாங்கும் தூண்கள். அவற்றை எடுத்தால் கூரை தொய்யும், கதவு சரியாகச் சாத்தாது. பேரிங் கிரீஸ், டயரின் வயதைச் சொல்லும் நான்கு இலக்க எண், குளிர்காலத்துக்கு முன் குழாய்கள் உறையாமல் இருக்க இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஏற்றுவது, இதெல்லாம் எந்த வண்டிக்கும் ஒன்றுதான்.

எடையில் போட்டியே இல்லை. 13 அடி ஸ்காம்ப் வெறும் வண்டியாக 550 முதல் 700 கிலோ, 17 அடி கசீட்டா 1,100 கிலோவைச் சுற்றி. டொயோட்டா சியன்னாவின் இழுவை வரம்பு 3,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1,590 கிலோ. தண்ணீர், காஸ், பாத்திரம், துணி எல்லாம் சேர்த்தாலும் மினிவேன் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இவை எட்டும். அதற்காகத் தனியாக பிக்கப் வாங்க வேண்டியதில்லை. கொக்கியில் இறங்கும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்கட்டும், குறைந்தால் வண்டி பின்னால் ஆடும்.

ஃபைபர்கிளாஸுக்குள்ளேயே எதை வாங்குவது? ஸ்காம்ப், கசீட்டா எளிய வண்டிகள், விலையும் குறைவு, ஆனால் ரிவெட்டுகளைப் பார்த்துக்கொள்ளப் பொறுமை வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் எஸ்கேப் வண்டியில் அலமாரிகளை உள்ளிருந்தே ஒட்டிய மரத்தில் பொருத்துகிறார்கள், ஓட்டைத் துளைக்கும் ரிவெட் இல்லை. இரட்டைக் கண்ணாடிச் சன்னலும் உண்டு. கையில் கருவி பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அதே மாகாணத்து பிக்ஃபுட், சுவருக்குள் ஒன்றரை அங்குல நுரை வைத்தது. பனிக்காலத்திலும் பயணிப்பவர்களுக்கு அது ஏற்றது. டென்னசியின் ஆலிவரில் ஓட்டுக்குள் இன்னொரு ஓடு, அலுமினியச் சட்டம், உள்ளே அழுக மரமே கிடையாது. கட்டுமானத்தில் முதலிடம் அதற்குத்தான். ஆனால் பெரிய வண்டி காலியாகவே 2,200 கிலோ, அதை இழுக்க பிக்கப் வேண்டும், விலையும் மற்றவற்றைவிட வெகு உயரம். வருடத்தில் பல மாதம் வண்டியிலேயே வாழ்பவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு ஒத்துவரும்.

இரண்டு வளர்ந்த பிள்ளைகளும் பாட்டியும் கூட வருகிறார்கள் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள். அச்சில் வார்த்த வண்டிகள் குறுகலானவை, ஐந்து பேர் உள்ளே மழையில் ஒரு நாள் இருக்க முடியாது. அப்போது அலுமினியச் சட்டமும் அஸ்டெல் சுவரும் உள்ள ஒட்டு வண்டியைப் பாருங்கள். கூரையை வருடம் இருமுறை பார்ப்பேன் என்று உங்களுக்கே உறுதி இருந்தால் வாங்குங்கள். மரச்சட்டத்தை மட்டும், அது எவ்வளவு மலிவாக வந்தாலும், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். மெத்தைகளைத் தூக்கி, அலமாரிகளின் அடிமூலையில் கைவிட்டுத் தடவுங்கள். கதவோரத் தளத்தில் குதிகாலை ஊன்றி அழுத்துங்கள். அமுங்கினால் விலையில் அந்தத் தளத்தைக் கழித்துக் கேளுங்கள். சுவர் அமுங்கினால் அது ஃபைபர்கிளாஸ் ஓடே இல்லை, கிளம்பி வந்துவிடுங்கள்.