பழைய எம்எக்ஸ்-5, பழைய ஈ36: இரண்டையும் வைத்து ஓட்டுகிறவன் சொல்வது

முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றும், ஆறு சிலிண்டர் பி.எம்.டபிள்யூ ஈ36 (தொண்ணூறுகளின் 3 சீரீஸ்) ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. எதை வாங்கலாம், வாங்கினால் என்ன மாடிஃபை பண்ணலாம் என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். இரண்டுமே அருமையான கார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வாங்கிய கையோடு டர்போ, பெரிய வீல், காது கிழியும் சைலன்ஸர் என்று இறங்கப் போகிறவர்களை இரண்டுமே கைவிட்டுவிடும். முப்பது வருஷம் ஓடிய காரில் பவரைத் தொடுவதற்கு முன்னால் மாற்ற வேண்டியது ரப்பரை. புஷ் (சஸ்பென்ஷன் கைகள் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளை), மவுன்ட், ஹோஸ், சீல் என்று ரப்பரில் எதெல்லாம் இருக்கிறதோ அதெல்லாம். பார்க்க ஒன்றுமே தெரியாது, போட்டோவுக்கும் உதவாது, ஆனால் கார் திரும்பக் காராகிவிடும்.

எம்எக்ஸ்-5 முதலில். 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. லோட்டஸ் எலான் மாதிரியான பழைய இரண்டு சீட் திறந்த கார்களில் இருந்த சுகத்தை, எண்ணெய் ஒழுகாமல், சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும்படி கொடுக்க வேண்டும் என்பதுதான் யோசனை. 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைசக்தி. இந்த நம்பரை மட்டும் பார்த்தால் சப்பென்று இருக்கும். ஆனால் எடை ஆயிரம் கிலோவுக்கும் கீழே, நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் (மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன்), அப்புறம் கியர்பாக்ஸையும் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் நேராகப் பிணைக்கும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று. அந்தச் சட்டம் இருப்பதால்தான் ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது நடுவில் எதுவும் தொய்ந்து குதிக்காமல் மிதித்த அடுத்த கணமே பின் சக்கரம் பதில் சொல்கிறது. கியர் மாற்ற மணிக்கட்டு அசைந்தால் போதும். மெதுவாகப் போகும்போதே வேகமாகப் போகிற மாதிரி இருக்கும், இந்த வண்டியின் மொத்த ரகசியமும் அதில்தான் இருக்கிறது. இதில் டர்போ போடுகிறவர்கள் வேகமாகப் போகும்போதும் வேகமாகப் போகிற மாதிரி ஆக்கிவிடுகிறார்கள், என்ன பெரிய லாபம்?

வாங்கப் போகிறவர் இன்ஜினைக் கேட்பதற்கு முன்னால் குனிந்து பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே ஓடும் சில். திறந்த கார் என்பதால் உடம்பின் பலமெல்லாம் அங்கேதான், துருவும் அங்கேதான் பிடிக்கும், அதுவும் பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலையில். காரணம் சின்னது. கூரைத் துணியில் விழும் மழைத்தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள ஓட்டைகள் வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் அடியில் வெளியேற வேண்டும். ஓட்டையில் இலைத்தூள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சில்லுக்குள் தேங்கி உள்ளேயிருந்து அரிக்க ஆரம்பிக்கும், வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடே இருக்காது. புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பு ஒரு துண்டை எடுத்து ஓட்டைக்குள் மெதுவாகச் சுழற்றி விட்டால், முதலில் ஒன்றும் நடக்காது, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மறுபடி சுழற்றினால் கறுப்புக் கூழ் மாதிரி ஒன்று அடியில் பொத்தென்று விழும், அதற்குப் பின்னால் தண்ணீர் தடையில்லாமல் கொட்டும். இரும்புக் கம்பியை மட்டும் விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் குழாய் கழன்றுவிட்டால் தண்ணீர் நேராகச் சில்லுக்குத்தான் போகும்.

இன்ஜின் பக்கம் பயப்பட அதிகமில்லை. 1.6-ல் டைமிங் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாது, வண்டி நிற்கும், அவ்வளவுதான். இன்ஜினின் பின்பக்கம் கேம் சென்சாரின் ஓ-ரிங் காய்ந்து எண்ணெய் கசியும், மலிவான சாமான், ஆனால் கை நுழையாத இடத்தில் இருக்கிறது, மாற்றுகிறவர் நன்றாகத் திட்டுவார். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: 1991 நடுப்பகுதி வரைக்கும் வந்த 1.6 இன்ஜின்களில் கிராங்க்ஷாஃப்ட்டின் முன் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முனை, குட்டை. பெல்ட் மாற்றும்போது புல்லியைப் பிடிக்கும் போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டால், புல்லி வழுக்காமல் பூட்டி வைக்கும் சாவிக்காடி தேய்ந்து புல்லி ஆட ஆரம்பிக்கும், டைமிங் தடுமாறும், கடைசியில் கிராங்கே போய்விடும். முன்புறம் புல்லியில் நான்கு காடி இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பெரிய மூக்கு. குட்டை மூக்கு என்பதற்காகக் காரை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஸ்டார்ட் செய்து புல்லி நடுங்காமல் சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாடிஃபிகேஷன் என்று வந்தால் இந்தக் காரில் எனக்குப் பிடித்த முதல் வேலை அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது, சிரிக்காதீர்கள். நான்கு மூலையிலும் சஸ்பென்ஷனின் கீழ்க் கைகளில் மையம் விலகிய கேம் போல்ட்டுகள் உண்டு, அதனால் முன்னும் பின்னும் கேம்பர் (சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்), டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) எல்லாவற்றையும் மாற்றலாம். இந்த விலைக் காருக்கு அவ்வளவு தாராளம் அபூர்வம். சிக்கல் என்னவென்றால் அந்த போல்ட்டுகள் புஷ்ஷின் உள் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிப் போயிருக்கும், சுத்தியலுக்கும் அசையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அலைன்மென்ட் செய்யப் போய் எட்டு போல்ட்டும் எட்டு புஷ்ஷும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் நிறைய. வாங்கட்டும், எப்படியும் மாற்ற வேண்டியவைதான்.

கம்பெனியிலிருந்து வந்த டயர் 185/60 ஆர்14, அதாவது 14 அங்குல வீலுக்கானது. நல்ல ரப்பரில் அதே அளவு, இல்லாவிட்டால் எடை குறைந்த 15 அங்குல வீல், அதோடு நிறுத்திக்கொள்ளலாம். 17 அங்குலம் போட்டு இந்தக் காரை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஸ்டீயரிங்கில் இருந்த உயிர் போய் வெறும் கனம்தான் மிஞ்சுகிறது. தாழ்த்துவதிலும் அதே கதை. இதன் சஸ்பென்ஷனுக்கு மேலே ஏற இடமே குறைவு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறக்கினால் வண்டி ஸ்பிரிங்கில் ஓடாது, சஸ்பென்ஷனின் கடைசித் தடுப்பு ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் ஓடும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன், ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகு கணக்குச் சொல்லும்.

டர்போ போட்டே தீருவேன் என்பவருக்கு ஒரு விஷயம். இந்த இன்ஜின் குடும்பம் முன்சக்கர இழுவைக் கார்களில் குறுக்காகப் படுத்திருந்தது. இங்கே நீளவாக்கில் திருப்பி வைத்தபோது தெர்மோஸ்டாட் முன்பக்கம் வந்துவிட்டது, கூலன்ட் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிறது, கடைசி சிலிண்டர்களுக்குப் பங்கு குறைவு. சாதாரணமாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது. பவரைக் கூட்டினால் அந்தப் பின் சிலிண்டர்கள்தான் முதலில் கொதிக்கும், அதனால் கூலன்ட்டைப் பின்பக்கமாக வெளியேற்றும் ரீரூட் வேலையைச் செய்த பிறகு டர்போவைப் பற்றிப் பேசலாம். 1.6-ன் சின்ன டிஃபரன்ஷியலும் அவ்வளவு முறுக்கைத் தாங்காது. 1994 மாடலாக வந்த 1.8-ல் டிஃபரன்ஷியல் பெரிது, பிரேக் டிஸ்க்கும் பெரிது, டர்போ ஆசை இருந்தால் முதலிலேயே அதை வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

உதிரிபாகத்துக்குக் கவலை குறைவு. மஸ்டாவே 2017-ல் இந்தத் தலைமுறைக்கு ஜப்பானில் ரெஸ்டோரேஷன் திட்டம் அறிவித்து, கூரைத் துணியிலிருந்து மர ஸ்டீயரிங் வரைக்கும் மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது. பழைய காரை இப்படிப் பார்த்துக்கொள்ளும் கம்பெனிகள் அதிகம் இல்லை.

சரி, ஈ36. என்னுடையது 2.8 லிட்டர், எம்52 இன்ஜின், 193 குதிரைசக்தி. எம்எக்ஸ்-5-ஐ விட நானூறு கிலோ அளவுக்குக் கூடுதல் எடை, நான்கு பேர் உட்காரலாம், நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டிவிட்டு இறங்கினாலும் களைப்பு தெரியாது. ஒரே வரிசையில் நிற்கும் அந்த ஆறு சிலிண்டரின் சத்தமும் வழவழப்பும் ஒன்றே போதும் வாங்குவதற்கு. உள்ளே உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் மனசு கஷ்டப்படும், கதவு லைனிங் பிய்ந்து தொங்குவது, குளவ் பாக்ஸ் சரிவது எல்லாம் இந்த மாடலின் குடும்ப நோய்.

இதன் பலவீனம் கூலிங். ரேடியேட்டர் கழுத்து பிளாஸ்டிக், எக்ஸ்பான்ஷன் டேங்க் பிளாஸ்டிக், தெர்மோஸ்டாட் மூடி பிளாஸ்டிக், சில வாட்டர் பம்புகளில் உள்ளே சுற்றும் இறக்கைகூட பிளாஸ்டிக். சூட்டில் வெந்து வெந்து பிஸ்கட் மாதிரி ஆகிவிடும், ஒரு நாள் விரல் பட்டாலே உடையும். அலுமினிய ஹெட் ஒரு தடவை நன்றாகக் கொதித்தால் ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டே வளைந்தாலும் ஆச்சரியமில்லை. முன்னால் ஓட்டியவர் மாற்றினாரா என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவது நல்லது. கூலன்ட் நிரப்பும்போது காரின் மூக்கைக் கொஞ்சம் தூக்கி வைத்து, இக்னிஷனைப் போட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை வெளியே விடும் ப்ளீட் ஸ்க்ரூ வழியாகக் குமிழி வருவது நிற்கும் வரைக்கும் பொறுமையாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்று தங்கும், அடுத்த மேட்டில் முள் சிவப்புக்குப் போகும்.

இதில் உண்மையிலேயே மதிப்புள்ள பவர் மாடிஃபிகேஷன் ஒன்று உண்டு. இதற்கு முந்தைய எம்50 இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) வாய் அகலம், அதை எம்52-ல் மாட்டினால் மேல் ஆர்பிஎம்மில் மூச்சு நன்றாக விடும். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கொஞ்சம் குறையும், இன்ஜின் கம்ப்யூட்டரின் ட்யூனும் மாற்ற வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது நஷ்டக் கணக்கு.

ஆனால் என் ஈ36-ஐ மாற்றியது மேனிஃபோல்டு இல்லை, பின் டிரெய்லிங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடிக்கும் கை) புஷ். அது தளர்ந்திருக்கும்போது வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டால் காரின் பின்பக்கம் தானாக ஒரு யோசனை பண்ணித் திரும்பும், ஓட்டுகிறவர் தான்தான் சரியாக ஓட்டவில்லை என்று நினைத்துக்கொள்வார். புதுசு போட்டதும் அந்த நெளிவு நின்றுவிட்டது. பாலியூரித்தேனா, ரப்பரா என்று இங்கே பெரிய சண்டையே நடக்கும். நான் ரப்பர் கட்சி. அந்தக் கை மேலும் கீழும் மட்டும் போவதில்லை, கொஞ்சம் முறுக்கிக்கொண்டும் அசைகிறது, கெட்டியான பாலி அந்த முறுக்கலுக்கு இடம் கொடுக்காது, கிரீஸ் காய்ந்தால் கீச்சென்று கத்தவும் செய்யும். ட்ராக்கில் மட்டும் ஓடும் காருக்கு வேறு நியாயம்.

ரப்பர் புஷ் எந்தக் காரில் போட்டாலும் ஒன்றை மறக்காதீர்கள், பல மெக்கானிக்குகளே இதைச் செய்வதில்லை. புஷ்ஷின் ரப்பர் உள் குழாயிலும் வெளிக் குழாயிலும் ஒட்டவைக்கப்பட்டது, வழுக்கிச் சுற்றாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கையால் மட்டும் மாட்டி, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு கடைசி முறுக்குக் கொடுக்க வேண்டும்.

காயில்ஓவர், அதாவது உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட், பற்றியும் கேட்கிறார்கள். ஒரு கம்பெனியின் செட்டை, பெயர் வேண்டாம், எம்எக்ஸ்-5-ல் போட்டேன். உயரம் மாற்றும் வளையங்கள் சீக்கிரமே துருவில் உறைந்துபோயின, ஷாக்கின் கெட்டித்தனத்தை மாற்றும் டேம்பிங் திருகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினாலும் வித்தியாசம் காதில் கேட்கும் க்ளிக் மட்டும்தான். கழற்றிவிட்டு நல்ல ஷாக்கும் கம்பெனி உயரத்துக்குப் பக்கத்திலான ஸ்பிரிங்கும் போட்டதும் கார் சாலையில் ஒட்டிக்கொண்டது.

முதல் பழைய கார் என்றால் எம்எக்ஸ்-5 வாங்குங்கள், எல்லாமே கைக்கு எட்டும், பாகம் கிடைக்கும், தப்பாகச் செய்தாலும் மன்னிக்கும். வீட்டில் குழந்தை இருந்தால், அல்லது இது ஒன்றுதான் கார் என்றால் ஈ36, கூலிங் வேலைக்கான காசை வாங்கும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு. எதுவானாலும் யாரும் கை வைக்காத காரைத் தேடுங்கள், கிடைப்பது கஷ்டம்தான். கழற்றும் ஒரிஜினல் பாகங்களைத் துடைத்துப் பெட்டியில் போட்டு வையுங்கள், நாளைக்கு விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.