மூன்று வாரமாக ஏறாத அப்டேட்டும் பத்தாங் பெர்ஜுந்தை கைப்பேசிக் கடையும்

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர், பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாறினாலும் எங்கள் ஆட்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே கடைவீதியின் பின்வரிசையில், ஒரே கதவு உள்ள ஒரு சின்னக் கைப்பேசிக் கடை இருக்கிறது. மூன்று வாரமாக அப்டேட் ஏறாமல் கிடந்த என் ஸ்மார்ட் வாட்ச்சை அந்தக் கடைத் தம்பி 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) சரிசெய்து கொடுத்தார். அதே வாட்ச்சுக்கு, அதை விற்ற கோலாலம்பூர் கடை 380 வெள்ளி கேட்டிருந்தது.

அப்டேட்டுக்கு இவ்வளவு அலைச்சலா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நான் செம்பனைத் தோட்டத்தில் கண்டக்டர், அதாவது ஆட்களின் வேலையை மேற்பார்க்கும் வேலை பார்க்கிறேன். காலையில் பெரட்டு (ஆட்களின் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது) முடிந்ததும் மோட்டார்சைக்கிளில் தனியாகக் காட்டுக்குள் போய்விடுவேன். போன வருஷம் மழைக்குப் பிறகு ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது சறுக்கி விழுந்து கணுக்கால் போய்விட்டது. பழம் ஏற்ற வந்த டிராக்டர்காரர் பார்க்கும்வரை முக்கால் மணி நேரம் அங்கேயே கிடந்தேன். அதன் பிறகுதான் மகள் இந்த வாட்ச்சை வாங்கிக் கட்டிவிட்டாள். கீழே விழுந்தால் தானாகவே வீட்டுக்குத் தகவல் அனுப்பும் வசதி இதற்குப் புது அப்டேட்டில்தான் வந்தது. எனக்கு வேண்டியதே அது ஒன்றுதான்.

நடந்தது இதுதான். கைப்பேசியில் பதிவிறக்கம் முழுசாக முடியும். வாட்ச்சுக்கு அனுப்புகிற கோடும் மெதுவாக நகர்ந்து கடைசிவரை வரும். புளூடூத் வழியாகப் போவதால் அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு வாட்ச் அணைந்து எரியும், 'நிறுவ முடியவில்லை' என்று ஒரு வரி காட்டும். ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு சொல்கூட இருக்காது. காலையில் எழுந்து பார்த்தால் அதே பழைய பதிப்பு.

நானும் சும்மா இருக்கவில்லை. இரண்டையும் அணைத்துப் போட்டேன். கைப்பேசியில் உள்ள வாட்ச் செயலியைப் புதுப்பித்தேன். இடம் போதவில்லையோ என்று வாட்ச்சில் ஏற்றியிருந்த பாட்டுகளை எல்லாம் அழித்தேன். என் வாட்ச் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைபையை மட்டும்தான் பிடிக்கும் என்பதால் ரவுட்டரில் அதற்கென்று தனிப்பெயர் வைத்துக் கொடுத்தான் பக்கத்து வீட்டுப் பையன். ஒன்றும் நடக்கவில்லை.

கோலாலம்பூர் கடைக்குப் போன் போட்டேன். "எல்லாத்தையும் அழிச்சு ரீசெட் பண்ணுங்க, அப்பவும் வரலன்னா போர்டு போயிருக்கும்" என்றார்கள். போர்டு மாற்றத்தான் அந்த 380 வெள்ளி, அதற்கும் உத்தரவாதம் இல்லையாம். ரீசெட் பண்ணினால் ஒரு வருஷ இதயத்துடிப்புக் கணக்கு போய்விடுமே என்று கேட்டேன். கிளினிக்கில் டாக்டர் ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்கிறார். "போனா போகட்டும் சார்" என்று பதில் வந்தது. வாட்ச்சைக் கண்ணாலேகூடப் பார்க்காமல் போர்டு போய்விட்டது என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதனால்தான் சனிக்கிழமை சம்பள வேலை முடிந்ததும் பின்வரிசைக் கடைக்குப் போனேன்.

தம்பி கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்டேட்டைப் பற்றியே அவர் கேட்கவில்லை.

"அண்ணே, ராத்திரி சார்ஜ்ல போட்டா காலையில எத்தனை பர்சென்ட் இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். சில நாள் 80, சில நாள் 60. ராத்திரி முழுக்கப் போட்டால் 100 வந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

வாட்ச்சைத் திருப்பி, கைப்பேசி விளக்கை அடித்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முதுகில் சார்ஜ் ஏறுவதற்காக நான்கு சின்னத் தங்கப் புள்ளிகள் இருக்கும். அதில் இரண்டைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. பழைய செம்புக் குடத்தின் கழுத்தில் களிம்பு ஏறுமே, அதே நிறம். மேலே சாம்பலாக ஒரு பொருக்கு.

"உரம் போடுற பக்கம் போவீங்களா?"

போகாமல் என்ன? பொட்டாஷ் உரம் போடும் வாரங்களில் என் சட்டைக் கைமடிப்பில்கூடச் சிவப்புத் தூள் இருக்கும். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, உப்பு வகைதான். அது வியர்வையோடு சேர்ந்து தோலுக்கும் வாட்ச்சுக்கும் நடுவில் நாள் முழுக்க ஊறினால் உலோகத்தை அரிக்காமல் விடுமா?

அன்றைக்கு நான் சார்ஜர் கொண்டு போகவில்லை. அந்த நான்கு புள்ளி சார்ஜர் மாடலுக்கு மாடல் மாறும், கடையில் இருந்தது எதுவும் பொருந்தவில்லை. மறுநாள் எடுத்துப்போனேன். சார்ஜருக்கும் பிளக்குக்கும் நடுவில் எவ்வளவு மின்சாரம் ஏறுகிறது என்று காட்டும் கட்டைவிரல் அளவு மீட்டர் ஒன்றைச் சொருகிக் காட்டினார். எண் 0.21 காட்டும், உடனே 0.00, மறுபடி 0.19, மறுபடி 0.00. ராத்திரி முழுக்க என் வாட்ச் சார்ஜரில் படுத்திருந்ததே தவிர, சார்ஜ் விட்டுவிட்டுத்தான் ஏறியிருக்கிறது.

அப்டேட் ஏறாததற்கும் அதுதான் காரணம். பாதியில் மின்சாரம் நின்றால் வாட்ச் உயிரில்லாமல் போய்விடும் என்பதால், நிறுவுவதற்கு முன்னால் பேட்டரியையும் சார்ஜரையும் அது சோதித்துப் பார்க்குமாம். ஆப்பிள் வாட்ச்சுக்குக்கூடக் குறைந்தது 50 சதவீதம் சார்ஜ் இருக்க வேண்டும், சார்ஜரிலேயே வைத்திருக்கவும் வேண்டும். என் வாட்ச் சார்ஜர் அறுந்துபோனதாக நினைத்து ஒவ்வொரு தடவையும் வேலையை நிறுத்தியிருக்கிறது. இதை அந்த வாட்ச் செய்தவர்கள் 'சார்ஜ் சரியாக ஏறவில்லை' என்று ஒரே வரியில் திரையில் சொல்லியிருந்தால் என்னுடைய மூன்று வாரம் மிச்சம்.

வாட்ச்சை அணைத்துவிட்டு, பல்குச்சியால் பொருக்கைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தார். சார்ஜர் ஊசிகளையும் விடவில்லை. மீட்டர் 0.22-இல் அசையாமல் நின்றது. கைப்பேசியில் பழைய பதிவிறக்கத்தை அழித்துப் புதிதாக இறக்கச் சொன்னார், இத்தனை தடவை அறுந்த கோப்பை நம்ப வேண்டாம் என்று. ரீசெட் பண்ணவே இல்லை. என் கணக்கெல்லாம் அப்படியே இருக்கிறது. அன்று ராத்திரி 9 மணிக்குப் போட்டேன், 11 மணிக்குள் புதுப் பதிப்பு வந்துவிட்டது.

வாட்ச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல வெயிலிலும் திரை தெரிகிறது, மழைக்குத் தாங்குகிறது. ஆனால் உரம், மருந்து, வியர்வை என்று புழங்குகிற தோட்டத்து ஆட்கள், முதுகில் புள்ளி தெரியும் சார்ஜ் உள்ளதை வாங்காதீர்கள். மேலே வைத்தாலே ஏறும் வகையை வாங்குங்கள். ஏற்கெனவே இதுதான் இருக்கிறது என்றால், வேலை முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் முதுகைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு சார்ஜில் போடுங்கள். நான் இப்போது குளிக்கப் போகும்போதே அதைச் செய்துவிடுகிறேன்.

கடையில் குறை இல்லாமல் இல்லை. உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. கேட்டால்தான் ரசீது எழுதுவார், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இங்குள்ள யூனிசெல் பல்கலைக்கழக மாணவர்கள் புதுத் தவணைக்கு வந்து இறங்கும் வாரத்தில் கைப்பேசித் திரைக்குக் கண்ணாடி ஒட்டுவதற்கே வாசல்வரை வரிசை நிற்கும், அந்தச் சமயம் போகாதீர்கள். காலை 11 மணிக்குத் திறக்கிறார், திறந்ததும் போனால் நின்று நிதானமாகப் பேசுவார். வாட்ச்சோடு வந்த சார்ஜரை மறக்காமல் கொண்டு போங்கள்.